உட்கார்ந்திருப்பவனின் ஃபார்ம்

2025 மே 6, செவ்வாய்க்கிழமை, அதிகாலை 1.45. அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்கு எதிரே இருக்கும் கோப்பிக்கடையில், விடிய விடியத் திறந்திருக்கும் பிராட்டாக் கடைக்குப் பக்கத்து மேசையில், சீனி டப்பாவில் ஒரு கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். காலையில் மூவரில் இரண்டு பேருக்கு வேலை. பார்க்கப்போகிற ஆட்டமோ ஏறக்குறைய முடிந்துபோன ஆட்டம். ஷெஃபீல்டில் உலக ஸ்னூக்கர் இறுதிப் போட்டி, ஷாவ் சின்தோங் 17, மார்க் வில்லியம்ஸ் 8. ஃபிரேம் என்றால் ஒரு சுற்று ஆட்டம், 18 ஃபிரேம் எடுப்பவர் சாம்பியன். ஷாவுக்கு இன்னும் ஒன்றே ஒன்று போதும், வில்லியம்ஸுக்கு வரிசையாகப் பத்து வேண்டும்.

"முடிஞ்சுபோச்சுண்ணே, பேசாம தூங்குங்க" என்று பட்டுக்கோட்டைத் தம்பி பதினொரு மணிக்கே செய்தி அனுப்பியிருந்தான். அனுப்பிவிட்டு அவனும் வந்து உட்கார்ந்திருந்தான் என்பது வேறு விஷயம். வரவழைத்தது மாமா. என் மனைவியின் தாய்மாமா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், 1984இலிருந்து ஜிம்மி வைட் பக்தர். ஜிம்மி வைட் பக்தராக இருப்பது என்ன மாதிரி வாழ்க்கை என்று தெரியாதவர்களுக்கு: வைட் ஆறு முறை உலக இறுதிக்கு வந்தார், 1984, அப்புறம் 1990 முதல் 1994 வரை வரிசையாக ஐந்து வருஷம், ஆறிலும் தோற்றார். அதில் 1992தான் மாமாவுக்கு இன்னும் ஆறாத புண். வைட் 14-8 என்று முன்னிலையில் இருந்தார். ஸ்டீபன் ஹெண்ட்ரி அங்கிருந்து வரிசையாகப் பத்து ஃபிரேம் எடுத்து 18-14 என்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"பத்து ஃபிரேம் வரிசையா போகும் மாப்ளே. எனக்கு நடந்திருக்கு" என்றார் மாமா. வைட்டுக்கு நடந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஷெஃபீல்டில் பகல் ஒரு மணி என்றால் நமக்கு இரவு எட்டு, அது பரவாயில்லை. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம்தான் நம்மைக் கொல்கிறது, இங்கே அதிகாலை இரண்டு. திங்கட்கிழமை அங்கே வங்கி விடுமுறை, நமக்கு முழு வேலைநாள். போதாக்குறைக்குச் சனிக்கிழமை பொதுத்தேர்தல், வாக்குப்போட்டுவிட்டு வந்து முடிவுகளுக்காக ஞாயிறு அதிகாலை வரை முழித்திருந்தாயிற்று. ஞாயிறு இரவு இறுதிப் போட்டியின் முதல் நாள். திங்கள் இரவு இது. அந்த வாரம் அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்த மேலாளர், வீட்டில் எல்லாம் சௌக்கியமா என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் ஆமாம் என்று சொல்லி வைத்தேன், வேறு என்ன சொல்வது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாளும் நாங்கள் மூவரும் ஓயாமல் அடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லுக்காக. ஃபார்ம்.

தம்பிக்கு அது எண்ணிக்கை. கணினித் துறை, இங்கே வந்து நாலு வருஷம், ஸ்னூக்கரைக் கைபேசியில் துண்டு துண்டாகப் பார்த்துப் பழகியவன், திரையின் ஓரத்தில் பாட் சதவீதம், அதாவது அடித்ததில் எத்தனை குழியில் விழுந்தது என்ற கணக்கு, வந்தால் அவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அவன் கட்சி எளிமையானது: ஷாவ் உச்சத்தில் இருக்கிறான், வில்லியம்ஸுக்கு 50 வயது, கண் பார்வை மங்குகிறது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், இதில் பேச என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை முதல் அமர்வு 7-1 என்று முடிந்தபோது அவன், "பார்த்தீங்களாண்ணே, ஃபார்மே இல்லை" என்றான்.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. இந்த மனிதர் காலிறுதியில் ஜான் ஹிக்கின்ஸை 13-12 என்று கடைசி ஃபிரேமில் வென்றவர். அரையிறுதியில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஜட் டிரம்பை 17-14 என்று வென்றவர், அதுவும் நாம் வாக்குப்போட்ட அதே சனிக்கிழமை. சனிக்கிழமை இருந்த ஃபார்ம் ஞாயிறு மதியம் எங்கே போகும்? கழற்றி வைத்த சட்டையா அது? சரி, களைப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன், 50 வயதில் பதினேழு நாள் நடக்கும் போட்டியில் கடைசி இரண்டு நாள் உடம்பு கேட்கும். ஆனால் 7-1 என்ற கணக்கைக் களைப்பு மட்டும் எழுதவில்லை. அந்த எட்டு ஃபிரேமில் வில்லியம்ஸ் அதிகம் செய்தது ஒரே ஒரு காரியம்: நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இதை ஸ்னூக்கர் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பூப்பந்தில் எதிராளி எவ்வளவு அபாரமாக அடித்தாலும் பந்து உன் பக்கம் வரும், ஓடிப்போய் எடுக்கலாம், எடுக்க முடியாவிட்டாலும் ஓடவாவது செய்யலாம். கபடியில் பாடிக்கொண்டு வருகிறவனின் காலையாவது பிடித்து இழுக்கலாம். ஸ்னூக்கரில் எதிராளி குழியில் போட்டுக்கொண்டே இருக்கும்வரை உனக்கு ஒரு வேலையும் கிடையாது. தண்ணீர் குடிக்கலாம், துண்டால் க்யூவை, அதாவது அடிக்கும் கோலை, துடைக்கலாம், மேல்கூரையைப் பார்க்கலாம். எதிராளி ஒரு செஞ்சுரி, ஒரே மூச்சில் நூறு புள்ளி, போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆகட்டும், அப்படி மூன்று ஃபிரேம் போனால் அரை மணி நேரம் நீ ஒரு பந்தையும் தொடாமல் தோற்றுக்கொண்டிருப்பாய். அப்புறம் அவன் ஒன்றைத் தவறவிடுவான், நீ எழுந்து போய் உலகம் பார்க்க முதல் அடியிலேயே சரியாக அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பட்டுக்கோட்டைத் தம்பி உனக்கு ஃபார்ம் இல்லை என்று சொல்லிவிடுவான்.

நான் இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன் நான் வழக்கமாக ஆடும் கூடத்தில் ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். ஐந்து ஃபிரேம், மூன்று எடுத்தவர் வெற்றி, பரிசு ஒரு கூப்பனும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும். எப்படியோ இறுதிக்கு வந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட அதிகபட்ச பிரேக், அதாவது இடையில் விடாமல் எடுத்த புள்ளி, 42, அதைப் போட்ட நாளைத்தான் மனைவியின் பிறந்தநாளை விட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், இதை அவள் படிக்கமாட்டாள் என்று நம்புகிறேன். எதிரே ஒரு சீன அங்கிள். அறுபதைத் தாண்டியவர், பிளாஸ்கில் ஏதோ வெந்நீர் கொண்டுவருவார், மேசையைச் சுற்றி நடக்கும் நடையே வாக்கிங் போவதைப்போல இருக்கும்.

இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஃபிரேமில் அவர் எனக்கு எதையும் விட்டுவைக்கவில்லை. சிவப்பு ஒன்றைப் போடுவார், அப்புறம் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய்ப் பச்சைக்குப் பின்னால் ஒளித்துவிடுவார். நான் எழுந்து போய்த் தப்பு அடித்துவிட்டு வந்து உட்காருவேன். அப்புறம் அவர் யோசிப்பார். சாக் தேய்ப்பார். மறுபடி யோசிப்பார். எனக்கு நேர் மேலே குளிர்சாதனக் காற்று. இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். கடைசியில் அவர் ஒரு பந்தைக் குழி விளிம்பில் ஆட விட்டுவிட்டார், எனக்கு வெற்றியைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. இரண்டு சிவப்பு போட்டேன். அடுத்தது கறுப்பு, அதற்குரிய இடத்திலேயே இருந்தது, நூற்றுக்குத் தொண்ணூறு முறை கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். கையை நீட்டினால் கை என் கையாக இல்லை. விரல் நுனி சில்லிட்டு, தோள் மரத்துப்போய், க்யூ முன்னால் போக வேண்டிய இடத்தில் ஒரு நூலளவு பக்கவாட்டில் போனது. கறுப்பு குழியின் இரண்டு உதட்டிலும் அடிபட்டுத் திரும்பி வந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில், டென்ஷனாயிட்டே என்றார்கள். இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் நானும் தலையாட்டினேன். அங்கிள்தான் கையைக் குலுக்கும்போது என் விரல்களை ஒரு நொடி பிடித்துப் பார்த்தார். "கை ஐஸ் லா" என்றார். அப்புறம், உட்கார்ந்திருக்கும்போது சூடாக ஒரு கோப்பி வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொள், குடிக்காதே, குடித்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும், சும்மா பிடித்துக்கொண்டு இரு என்று விளக்கினார். முப்பது வருஷ அனுபவம் அந்த பிளாஸ்கில் இருந்திருக்கிறது. நான்தான் அவர் வெந்நீர் குடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பெரிய இறுதிப் போட்டி எதைப் பார்த்தாலும் என் கண் அடிப்பவரை விட்டுவிட்டு நாற்காலிக்குப் போய்விடுகிறது. ஷெஃபீல்டின் க்ரூசிபிள் அரங்கமே இதற்காகக் கட்டியதைப்போலத்தான் இருக்கும். 980 பேர் மட்டும் உட்காரக்கூடிய நாடக அரங்கு, 1977இலிருந்து உலகப் போட்டி அங்கேதான். முன்வரிசைக்காரர் கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் ஆட்டக்காரரின் நாற்காலி. தோற்பவர் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிங் ஜுன்ஹுய் ஆசியாவிலிருந்து உலக இறுதிக்குப் போன முதல் ஆள். அந்த வருஷம் தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளேயே வந்தார். அரையிறுதியில் ஆலன் மெக்மானஸை 17-11 என்று வென்றபோது அந்த ஒரே ஆட்டத்தில் ஏழு செஞ்சுரி போட்டார். ஏழு! மறுபக்கம் மார்க் செல்பி அரையிறுதியில் மார்கோ ஃபூவிடம் 17-15 என்று முக்கி முனகி வந்தவர், அதில் ஒரே ஃபிரேம் 76 நிமிஷம் இழுத்தது. இப்போது சொல்லுங்கள், இறுதிக்குள் நுழையும்போது ஃபார்ம் யாரிடம்? தம்பியின் கணக்குப்படி டிங்கிடம், சந்தேகமே இல்லை. இறுதி தொடங்கியது. செல்பி முதல் ஆறு ஃபிரேமையும் எடுத்தார். 6-0. டிங் அதன்பிறகு நன்றாகவே ஆடினார், விடாமல் துரத்தினார், ஆனால் 18-14. அந்த ஆறு ஃபிரேமைக் கழித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், மிச்ச ஆட்டத்தில் முன்னால் இருந்தது டிங்தான், 14க்கு 12.

"அப்ப முதல் ஆறுல பதற்றம்தானேண்ணே, முதல் ஃபைனல்" என்றான் தம்பி. இருக்கலாம். மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. பதற்றம் ஒரு ஃபிரேமைக் கெடுக்கும், இரண்டைக் கெடுக்கும். அதற்குமேல் எழுந்து ஆடினால்தானே பதற்றம் தீரும்? எழவே விடாமல் ஒருவரை உட்காரவைத்தால் அது எங்கே போய்த் தீரும்? செல்பியின் திறமையே அதுதான் என்பேன். அவர் நன்றாக ஆடுவதோடு சேர்த்து, எதிரே இருப்பவர் எவ்வளவு நன்றாக ஆடலாம் என்பதையும் அவரே தீர்மானிப்பார். 2014இல் ரோனி ஓ'சல்லிவன் 10-5 என்று முன்னால் இருந்தார், 18-14 என்று செல்பி முடித்தார். 2017இல் ஹிக்கின்ஸிடம் 4-10 என்று பின்னால் இருந்து 18-15. இரண்டு நாளும் ஓ'சல்லிவனுக்கும் ஹிக்கின்ஸுக்கும் திடீரென்று ஆட்டம் மறந்துபோனதா என்ன?

மாமா இதை ஒத்துக்கொள்வதில்லை. அவருக்கு ஃபார்ம் என்பது தலையெழுத்துக்கு இங்கிலீஷ் பெயர். 1994ஐச் சொல்வார். வைட்டின் 32ஆவது பிறந்தநாள், அன்றுதான் இறுதியின் கடைசி நாள், 17-17. அந்தப் போட்டியின் நடுவில் ஹெண்ட்ரி விழுந்து இடது கையில் எலும்பு விரிசல், அந்தக் கையோடுதான் ஆடினார். கடைசி ஃபிரேமில் வைட் முன்னால் இருக்கிறார், அதற்குரிய இடத்திலேயே இருந்த கறுப்பைத் தவறவிடுகிறார், ஹெண்ட்ரி எழுந்து வந்து 58 போட்டு மேசையைத் துடைக்கிறார். "கை உடைஞ்சவனுக்கு ஃபார்ம், கை நல்லா இருந்தவனுக்கு ஃபார்ம் இல்லையா?" என்று மாமா கேட்பார். கேட்டுவிட்டுத் தே ஓவை ஒரே மடக்கில் குடிப்பார், அதற்குமேல் யாரும் பேசக்கூடாது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் மட்டும் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்: உடைந்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிஷம் ஹெண்ட்ரி என்ன செய்துகொண்டிருந்தார்?

ஏனென்றால் உட்கார்ந்திருப்பதிலும் ஆட்டம் இருக்கிறது. 2019 இறுதியில் டிரம்ப் ஹிக்கின்ஸை 18-9 என்று நொறுக்கினார். முதல் அமர்வு 4-4. முதல் நாள் முடியும்போது 12-5. அந்த இறுதியில் மொத்தம் பதினோரு செஞ்சுரி, ஏழு டிரம்புடையது, நான்கு ஹிக்கின்ஸுடையது. தோற்றவர் நான்கு செஞ்சுரி போட்டிருக்கிறார், அவருக்கு ஃபார்ம் இல்லை என்று யார் சொல்வது? ஆட்டம் முடிந்ததும் ஹிக்கின்ஸ், டிக்கெட் வாங்காமலே இந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம் என்ற மாதிரி சொன்னார். தோற்ற மனிதர் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்த வார்த்தை அது. நாற்காலியை ஒருவர் எப்படி அனுபவிக்கிறார் பாருங்கள். அது அவருக்கு வரிசையாக மூன்றாவது இறுதித் தோல்வி வேறு.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. லூக்கா பிரசெலை வைத்துத் தம்பி என்னை ஒருமுறை மடக்கினான். பெல்ஜியம்காரர், 2023க்கு முன் க்ரூசிபிளில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அந்த வருஷம் பயிற்சியும் பெரிதாக இல்லை, சுற்றுக்குச் சுற்று நடுவில் குடியும் கொண்டாட்டமுமாக இருந்தேன் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அரையிறுதியில் சி ஜியாஹுய்யிடம் 5-14 என்று பின்னால். அதாவது மணிக்கணக்கில் நாற்காலி. அங்கிருந்து 17-15, அப்புறம் இறுதியில் செல்பியையே 18-15. அதே இறுதியில் செல்பி 147 போட்டார், உலக இறுதி வரலாற்றில் முதல் 147, பதினைந்து சிவப்பு, பதினைந்து கறுப்பு, அப்புறம் மிச்ச வண்ணங்கள், ஒரு பந்து விடாமல். 147 போட்டவர் தோற்றார். "இதுல யாருக்கு ஃபார்ம், யாருக்குக் கை ஐஸ், சொல்லுங்கண்ணே" என்றான். சொல்லத் தெரியவில்லை. சிலருக்கு உட்கார்ந்தால் கை ஆறாது போலிருக்கிறது.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடுவேன். இந்த விளையாட்டின் விதிகளை எழுதி முதன்முதலில் சுவரில் ஒட்டியது ஊட்டி கிளப்பில். ஜபல்பூரில் 1875இல் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்தது (பின்னாளில் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்), 1882இல் ஊட்டியில் விதி ஆனது. இதைச் சொன்னபோது தம்பி நம்பவில்லை, தேடிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பெருமையில் மிதந்தான், ஏதோ அவன் தாத்தா எழுதியதைப்போல. சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. 2017இல் பெண்களுக்கான உலக ஸ்னூக்கர் போட்டி தோ பாயோவில் நடந்தது, இறுதியில் ஹாங்காங்கின் இங் ஒன் யீ இந்தியாவின் வித்யா பிள்ளையை 6-5 என்று வென்றார். என் வீட்டிலிருந்து எம்ஆர்டியில் மூன்று நிறுத்தம். போகவில்லை. கடைசி ஃபிரேம் வரை போன ஓர் உலக இறுதி மூன்று நிறுத்தத் தூரத்தில் நடந்திருக்கிறது, நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுகூட ஞாபகமில்லை.

சரி, கோப்பிக்கடைக்கு வருவோம். முதல் நாள் 11-6 என்று முடிந்திருந்தது. 1-7க்குப் பிறகு அன்றிரவு அமர்வை வில்லியம்ஸ் 5-4 என்று எடுத்ததை மாமா விடாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார். 2000ஆம் வருஷத்து இறுதியில் இதே வில்லியம்ஸ் மேத்யூ ஸ்டீவன்ஸிடம் 7-13 என்று பின்னால் இருந்து 18-16 என்று வென்றவர், அதையும் சொன்னார். 2018இல் ஜெயித்தால் செய்தியாளர் சந்திப்புக்கு உடுப்பில்லாமல் வருகிறேன் என்று சொல்லி, ஜெயித்து, சொன்னபடியே வந்தவர், அதைச் சொல்லும்போது மட்டும் பக்கத்து மேசையில் குடும்பம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனால் இரண்டாம் நாள் மதிய அமர்வில் ஷாவ் மறுபடி 6-2. அப்படித்தான் 17-8.

ஷாவைப் பற்றி எங்களுக்குள் வேறொரு பேச்சும் ஓடியது. சூதாட்ட விவகாரத்தில் 20 மாதத் தடை, 2024 செப்டம்பரில்தான் திரும்பி வந்தார், தொழில்முறைச் சுற்றில் இடமில்லாததால் அமெச்சூராக நாலு தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்தவர். இவரை எப்படிக் கொண்டாடுவது என்று மாமாவுக்குக் கொஞ்சம் உறுத்தல். அவர் ஆட்டத்தை விற்கவில்லை, பந்தயம் கட்டினார், இன்னொருவர் செய்ததில் சம்பந்தப்பட்டார், தண்டனை அனுபவித்துவிட்டார் என்பது என் கட்சி. ஆனால் ஃபார்ம் பற்றிப் பேசும்போது அந்த 20 மாதம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அதைவிட நீளமான நாற்காலி உண்டா? எழுந்து வந்து இரண்டாம் சுற்றில் லெய் பெய்ஃபானை 13-10 (இந்த லெய்தான் முதல் சுற்றில் நடப்புச் சாம்பியன் கைரன் வில்சனை 10-9 என்று வீட்டுக்கு அனுப்பியவர்), அரையிறுதியில் ஓ'சல்லிவனை 17-7. அதில் ஒரு முழு அமர்வு, எட்டு ஃபிரேம், எட்டும் ஷாவுக்கு. ஓ'சல்லிவனுக்கு அன்று தண்ணீர் பாட்டிலின் லேபிளில் உள்ள எழுத்து முழுக்க மனப்பாடம் ஆகியிருக்கும்.

இரண்டு மணி. இரண்டு பிராட்டா கோசோங், ஒரு முட்டை பிராட்டா, மூன்று தே. இடது கைக்காரர்கள் இருவரும் வந்தார்கள்.

முதல் ஃபிரேம் வில்லியம்ஸுக்கு. 17-9. தம்பி கொட்டாவி விட்டான். அடுத்ததும் வில்லியம்ஸுக்கு. மாமா பேசவில்லை, இரண்டு விரலை மட்டும் மேசைமேல் வைத்தார். மூன்றாவது. மூன்று விரல். பிராட்டா போடும் அண்ணன் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு மாவுக் கையோடு வந்து பின்னால் நின்றார், ஸ்னூக்கரில் ஒரு விதியும் தெரியாது அவருக்கு, சிவப்புக்கு ஒன்று கறுப்புக்கு ஏழு என்று தம்பி அவசரமாகப் பாடம் நடத்தினான். நான்காவது ஃபிரேமும் வில்லியம்ஸுக்கு. 17-12.

"ஷாவ் ஃபார்ம் போயிடுச்சா?" என்று தம்பி கேட்டான், நிஜமாகவே பயந்து. முதல் நாளிலிருந்து ஷாவ் பக்கம் இருந்தவன் அவன்.

அப்போதுதான் கவனித்தேன், இரண்டு நாளாக வில்லியம்ஸின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தவன், கேமரா ஷாவின் நாற்காலியைக் காட்டியபோது கையில் இருந்த தேயைக் கீழே வைத்துவிட்டேன். 28 வயதுப் பையன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோப்பைக்கு ஒரு ஃபிரேம் தூரத்தில் நான்கு ஃபிரேமாக அப்படியே நிற்கிறது. கை சூடாக இருக்கிறதா இல்லையா என்று திரையில் எப்படித் தெரியும்? பாட் சதவீதம் அதற்குக் கிடையாது. ஓரத்தில் என்ன எண் வந்தாலும் அது எழுந்து அடித்தபோது எடுத்த எண்தான். உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

"இப்ப ஒரு லாங் பாட் விழணும். விழுந்தா முடிஞ்சது. விழலைன்னா பத்து போகும்" என்றார் மாமா. நாலு விரலும் மேசையில் அப்படியே இருந்தன. அவர் யார் பக்கம் என்று எனக்கு அந்த நேரத்தில் புரியவில்லை. வில்லியம்ஸ் ஜெயிக்க வேண்டும் என்றுதான் எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்துவந்தார். ஆனால் பத்து வரிசையாகப் போனால் அது 1992 மறுபடி நடப்பது, அதை இன்னொரு ஆளுக்கு நடக்கவிட்டு உட்கார்ந்து பார்க்க அவருக்கு மனசு வருமா?

ஷாவ் எழுந்தார். அந்த ஃபிரேமில் அவருக்கு வாய்ப்பு வந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பந்துகள் குழிக்குள் போன சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, நடுக்குழியானாலும் மூலையானாலும் உதட்டில் படாமல் நேராக உள்ளே. நாற்காலி இப்போது வில்லியம்ஸுக்கு. 18-12. ஆசியாவின் முதல் உலக சாம்பியன். 50 வயதில் உலக இறுதி ஆடிய மனிதர் எழுந்து வந்து பையனைக் கட்டிப்பிடித்தார், தோற்றவர் மாதிரியே இல்லை.

தம்பி எழுந்து நின்று கைதட்டினான். பிராட்டா அண்ணன், முடிஞ்சதா, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுக் கல்லுக்குத் திரும்பினார். மாமா மட்டும் மேசையில் இருந்த நாலு விரலை மடக்கி, ஆறிப்போன தே கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தே சொல்லு மாப்ளே. சூடா" என்றார். "இது ஐஸ் ஆயிடுச்சு."